நூலகமும் மூன்றடிப் பாட்டும்

நூலகப் பொறுப்பில் இருப்போர் நாள் முழுதும் படித்துக்கொண்டே இருப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். பெற்றோர் சிலர் என்னிடமே, "உங்களுக்கென்ன டீச்சர், புத்தகங்களுக்கு நடுவிலேயே வாழ்கிறீர்கள்!" என்று மகிழ்ந்து கூறுவதுண்டு. அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. நூல்களின் நடுவே வாழ்கிறேன். ஆயினும் அவற்றை முதலிலிருந்து முடிவுவரை படிக்கும் பேறு பள்ளி நேரத்தில் வாய்ப்பதில்லை.

நூலகப் பணியாளரின் படிப்பு ஒரு தனிவகைப் படிப்பாகும். புதிய நூல் வந்தவுடன் அதன் தலைப்பேட்டைப் படிக்கிறோம். ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுகிறோம். எப்பிரிவில் வைப்பது என்று தெளிவதற்காக முன்னுரையைப் படிக்கிறோம். கிழிந்த தாளை ஒட்டும்பொழுது அத்தாளை மட்டும் படிக்கிறோம். நம் நூலகத்தில் உள்ள ஒரு நாவலின் 93, 94ஆம் பக்கங்கள் எனக்கு மனப்பாடம். 92ஆம் பக்கத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தேன். இவ்வாறு துணுக்குத் துணுக்காகப் படிப்பதும் ஒரு பயிற்சியே என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அதனை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழு நூலைப் படிக்க எனக்கு வாய்க்கும் இடம் இரயில் வண்டியே. என் இல்லம் கிள்ளானில் உள்ளது, பள்ளியோ பிரிக்ஃபீல்ட்ஸில். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டிலேயே அமைந்த பழம்பாதை. அப்பாதையில் நாள்தோறும் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங், அங்காசாபுரி என நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து செல்ல, அத்தியாயங்களும் கடந்து செல்லும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலை அவ்வண்டியில்தான் படித்து முடித்தேன். சயாம் மரண இரயில் பாதையின் கொடுமையைக் கூறும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலையும் ஓர் இரயிலில் அமர்ந்தே படித்தேன். சில பக்கங்களில் நூலை மூடிவிட்டுச் சன்னல் வழியே வெளியே நோக்க நேர்ந்தது. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் ஞாயிறு மலர்களைச் சேர்த்து வைத்து, வாரம் முழுதும் அவ்வழியில் படித்த காலமும் உண்டு.

நிற்க. மூன்றடிப் பாட்டு என் கைக்கு வந்த கதையைக் கூறுகிறேன்.

நூலகங்களில் நூல்களை அடுக்குவதற்கு எண்முறை உண்டு என்பதை மாணவர்கள் அறிவீர்கள். மெல்வில் தூயி என்னும் அமெரிக்க நூலகர் 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை அது. அம்முறையில் இலக்கியத்திற்கு உரிய எண் 800. தமிழ் இலக்கியத்திற்கு 894.811, சீன இலக்கியத்திற்கு 895.1, சப்பானிய இலக்கியத்திற்கு 895.6. பெரிய நூலகங்களில் 894.811க்கும் 895.6க்கும் இடையே மலையாளம், கன்னடம், தெலுங்கு, சீனம் முதலிய மொழிகளின் நூல்கள் பல அலமாரிகளை நிரப்பும். நம் போன்ற சிறு பள்ளி நூலகத்திலோ இடையில் எதுவும் இல்லை. தமிழ் நூல்களின் வரிசை முடிந்த இடத்தில் சப்பானியப் பாட்டைப் பற்றிய நூல் வந்து அமரும். ஒருவர் நன்கொடையாக அளித்த பெட்டியில் ஹைக்கூவை அறிமுகம் செய்யும் மெல்லிய தமிழ் நூலொன்று இருந்தது. அதற்கு எண்ணிட்டு அடுக்கியபொழுது, அது நம் தமிழ்ப் பாவலர்களுக்குத் தோளோடு தோள் நின்றது. அன்று மாலையே அதனை எடுத்துச் சென்றேன். சுபாங் ஜெயா வருமுன் ஒரு முறையும் கிள்ளான் வருமுன் மறுமுறையும் படித்து முடித்தேன்.

ஹைக்கூ என்பது சப்பானிய நாட்டின் மிகச் சிறிய பா வடிவம். 5, 7, 5 என்னும் அளவில் 17 ஒலிகள் கொண்டது. தொடர்பாட்டு ஒன்றின் முதற்பகுதியாக இருந்த 'ஹொக்கு' என்னும் சிறுபாவினை உயர்ந்த கலையாக்கியவர் மட்சுவோ பாஷோ. அவர் வாழ்ந்த காலம் 1644 முதல் 1694 வரை. அவருக்குப் பின் பூசோன், இஸ்ஸா முதலியோர் அதனை வளர்த்தனர். மசவோகா ஷிகி என்பவரே அதற்கு 'ஹைக்கூ' என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். 1867இல் பிறந்த அவர் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 1902இல் மறைந்தார். படுத்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த சிறு தோட்டமே அவருக்கு உலகமாயிற்று. அதனைப் பார்த்துப் பார்த்து எழுதினார். நோயுற்ற ஒருவர்க்கு ஒரு சிறு தோட்டம் போதுமாயின், கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் எனக்குப் பொருள் இல்லாமற் போகுமா?

சப்பானியர் எண்ணும் ஒலி நம் மாத்திரையைப் போன்றது. அங்கும் குறில் ஓரளவு, நெடில் ஈரளவு. ஆகவே குறில் நெடில் கற்ற தமிழ் மாணவர்க்கு அக்கணக்கு அயலானதன்று. சுருங்கச் சொல்லலும் நமக்குப் புதிதன்று. திருக்குறள் ஏழே சீர்களால் ஆனது. சங்க நூலாகிய ஐங்குறுநூற்றில் பாடல்கள் ஆறடியைத் தாண்டுவதில்லை. இதனாற்றான் போலும், பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே 'சுதேசமித்திரன்' இதழில் சப்பானியக் கவிதையைப் பற்றி வியந்து எழுதினார். கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் வெளிவந்த தம் 'பால்வீதி'யில் இவ்வடிவை முயன்று பார்த்தார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய ஹைக்கூத் தொகுதிகள் தமிழில் வந்தன.

படித்தால் மட்டும் போதுமா? எழுதியும் பார்க்கலாமே என்னும் ஆவல் எழுந்தது. கணினி வந்த பின்னர்ப் பயனின்றிக் கிடந்த நூற்பட்டியல் அட்டைகள் நம் நூலகத்தில் ஒரு பெட்டி நிறைய உண்டு. ஒவ்வொன்றும் 7.5 சென்டிமீட்டர் உயரமும் 12.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அவற்றின் வெறும் பின்புறம் மூன்று வரிகளுக்குப் பொருத்தமான வயல். நாளுக்கோர் அட்டை என்று கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் அட்டையில் எழுதியது என் தொழிலைப் பற்றியதே. மாணவர் திருப்பித் தந்த நூலொன்றில் அடையாளமாக வைக்கப்பட்டிருந்த இலையைக் கண்டு எழுதினேன். அன்புடன், ஆவலுடன், யாரோ வைத்த என்று முதலில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். நீக்க நீக்க, இலை மட்டும் தெளிவாகத் தெரிந்தது:

திரும்பி வந்த நூல்
இருபதாம் பக்கத்தில்
காய்ந்த வேப்பிலை

துணுக்குத் துணுக்காகப் படித்த பயிற்சி இங்கே கைகொடுத்தது. ஒட்டிய தாளில் முன்பக்கமும் பின்பக்கமும் இன்றி ஒரு காட்சியை மட்டும் காண்பது போலவே, ஹைக்கூவும் முன்கதை சொல்லாது, முடிவும் சொல்லாது. காட்டிவிட்டு விலகி நிற்கும். எஞ்சியதைப் படிப்பவரே நிரப்ப வேண்டும்.

அடுத்து ஓர் இடர் தோன்றியது. சப்பானிய ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல்லொன்று இடம்பெற வேண்டும் என்பது மரபு. பனி, செர்ரிப் பூ, தவளை, அறுவடை நிலவு என அவர்களுக்கு நான்கு பருவச் சொற்கள் பலவுண்டு. நம் மலேசியத் திருநாட்டில் பனியுமில்லை, இலையுதிர் காலத்து மேப்பிள் மரமுமில்லை. நமக்குரிய பருவச் சொல் எது? தொல்காப்பியர் காட்டிய முதற்பொருளும் கருப்பொருளும் நினைவுக்கு வந்தன. பொழுதும் நிலமும், அந்நிலத்து மரமும் புள்ளும் தொழிலும் பாட்டில் அமைய வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. ஆகவே, நம் நிலத்து மரங்களைத் தேடினேன்.

கோலாலம்பூர்ச் சாலையோரங்களில் அங்சானா மரம் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வெயில் காய்ந்த நாள்களுக்குப் பின் ஒரே நாளில் மஞ்சளாய்ப் பூத்து, மறுநாளே தரையெல்லாம் உதிர்க்கும். அது யாருடைய உறவு தெரியுமா? சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்து மரமாக வரும் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் மரத்தடியில் குறிஞ்சித் திணையின் உறவினர் ஒருவர் நிற்கின்றார்!

அங்சானா மரத்தடி
பெருக்குபவர் துடைப்பத்தில்
நேற்றைய மஞ்சள்

மாலை இடிமழையும் நமக்குரிய பொழுதே. மழைக்குப் பின் கிள்ளான் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து நோக்கியபொழுது தோன்றியது இது:

மழை ஓய்ந்தது
பாலத்தின் கீழே ஓடுகிறது
தேநீர் நிறத்தில் ஆறு

பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் தொண்டாற்றி வருகிறது. வெண்கோல் ஊன்றி நடப்போரை அங்கே நாம் நாளும் காண்கிறோம். அவர்களுள் ஒருவர் மழை விட்டதும் சாலையோரம் நின்றார். அவர் முன்னே தேங்கிய நீரில் வானம் தெரிந்தது:

மழை விட்ட சாலை
வெண்கோல் நுனி தொடுகிறது
வானத்தின் துண்டை

அண்டை வீட்டார் பாவினையும் இங்கே நினைத்தல் வேண்டும். மலாய் மக்களின் பந்துன் நான்கு அடிகள் கொண்டது. முதலிரண்டு அடிகளில் ஒரு காட்சி. பின்னிரண்டு அடிகளில் கருத்து. மலேசியாவும் இந்தோனேசியாவும் இணைந்து வேண்ட, 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு பந்துனை மாந்தகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. மலாய்ப் பாடத்தில் பந்துன் கற்கும் நம் மாணவர்க்கு ஹைக்கூவை விளக்குதல் எளிது. காட்சியைச் சொல், கருத்தைச் சொல்லாமல் விடு. அவ்வளவே.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரந்தோறும் நூலகத்திற்கு வருவான். மின்விசிறிக்கு நேர்கீழே அமர்வான். எந்நூலையும் தொடான். அவனது இரவல் அட்டை வெறுமையாகவே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு நேரம் பிடிக்கும். பக்கம் முடியுமுன் மணி அடித்துவிடும். முடியாத நூல்களைக் கண்டு அவன் அஞ்சினான் என்பதை அவன் முகமே கூறிற்று.

ஒரு நாள் வேப்பிலைப் பாட்டு எழுதிய அட்டையை என் மேசை முகப்பில் ஒட்டியிருந்தேன். அவன் அருகில் வந்து விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். மூன்றாம் அடி முடிந்ததும் நிமிர்ந்து, "அவ்வளவுதானா டீச்சர்? முழுசும் படித்துவிட்டேனா?" என்று கேட்டான். "முழுவதும் படித்துவிட்டாய்" என்றேன். அவன் மீண்டும் ஒரு முறை படித்தான். இம்முறை விரல் வைக்கவில்லை. பின்னர், "அந்த இலையை வைத்தது யார்?" என்றான். படித்ததைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அதுவே.

சீர்காழியில் பிறந்து நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் உண்டு என்பது அவற்றின் இரண்டாம் விதியின் கருத்தாகும். அம்மாணவனுக்கு உரிய நூல் ஓர் அட்டையின் அளவே உடையதாய் இருந்தது.

அவனிடம் வெற்று அட்டையொன்றைத் தந்து எழுதச் சொன்னேன். "எழுத எனக்கு ஒன்றுமில்லை" என்றான். "வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் சிறுவராய் இருந்தபொழுது பார்த்த ஒன்றைக் கேட்டு வா" என்றேன். அவனுடைய பாட்டியார் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவர். இப்பொழுது அடுக்குமாடியில் வாழ்ந்தார். இரு வாரங்கள் சென்றபின் அவன் கொண்டுவந்த அட்டையில் இவ்வாறு இருந்தது:

பாட்டியின் பெட்டி
உள்ளே ஒரு ரப்பர் கொட்டை
மரம் எங்கே?

நான் பேசாதிருந்தேன். நம் நாட்டில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும், பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய வரலாற்றை நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. அச்சிறுவன் அதனை ஒரு வினாவில் அடக்கிவிட்டான்.

அத்துடன் அது முடியவில்லை. தன் பாட்டை அவன் வீட்டில் படித்துக் காட்ட, அப்பாட்டியார் மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். அதன் பிறகு நாள்தோறும் ஒரு சொல்லாவது கூறத் தொடங்கினார். பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும், வருவாயும் குறையும் என்றார். முற்றிய காய் வெயிலில் 'பட்'டென வெடித்துக் கொட்டை தெறிக்கும் என்றார். அக்கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தோழியின் கையில் வைத்து விளையாடியதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கிட்டாத பருவச் சொற்கள் அவர் நாவில் இருந்தன! இலையுதிர் காலம் நம் நிலத்திலும் உண்டு. அதனைப் பால்மரத்தின் கீழ் உழைத்தவர் அறிவர்.

மாணவன் அச்சொற்களை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வந்தான். பால் வடியும் கிண்ணம் மங்கு. மரத்தைச் சீவும் கத்தி உளி. விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டம் பெரட்டு. வரிசை வீடுகள் லயம். கணக்கு எழுதுபவர் கிராணி. உறைந்த பால் கட்டிப்பால். தாய்மார் வேலைக்குச் செல்லும்பொழுது குழந்தைகளை விடும் இடம் ஆயாக் கொட்டகை. இருவரும் நம் நூலக அகராதியைப் புரட்டினோம். அங்கே லயம் இசைக்குரியது, உளி தச்சர்க்குரியது, மங்கு என்பதற்கு ஒளி குறைதல் என்பதே பொருள். பாட்டியார் கூறிய பொருளில் அவை அங்கில்லை.

அப்பாட்டியார் இவ்வாண்டு இயற்கை எய்தினார். அப்பயிற்சிப் புத்தகத்தில் பதினொரு பக்கங்கள் நிரம்பியுள்ளன. எஞ்சியவை வெறுமையாக உள்ளன. இன்னும் ஓராண்டு அவர் இருந்திருப்பின் அவையும் நிரம்பியிருக்கும். அம்மாணவன் இப்பொழுதும் மெதுவாகவே படிக்கிறான். ஆயினும் அவனது இரவல் அட்டையில் நான்கு நூல்களின் பெயர்கள் ஏறியுள்ளன. நான்காவது நூல் மெல்லியதன்று.

ஊர்ப் பெயரும் ஒரு தொழிலின் நினைவே என்பதை எண்ணிப் பாருங்கள். 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் மீண்டும் கட்டியபொழுது, சூளைகள் எரிந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். சூளைகள் மறைந்தன, பெயர் காத்து நிற்கிறது. நம் தோட்டத்துச் சொற்களைக் காக்க ஊர்ப்பெயர் எதுவுமில்லை. அவற்றைக் காக்க வேண்டியவர்கள் நாமே. நெடிய கதை எழுத எல்லாராலும் இயலாது. மூன்று அடிகள் எழுத நான்காம் ஆண்டு மாணவனாலும் இயலும்.

ஆகவே, அன்பு மாணவர்களே! இவ்விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள். அவர்கள் பயன்படுத்திய ஒரு பொருள், கேட்ட ஓர் ஓசை, அறிந்த ஒரு மரம் ஆகியவற்றைக் கேளுங்கள். கேட்டதை மூன்று அடிகளில் எழுதுங்கள். மகிழ்ச்சி, துன்பம் என்று எழுத வேண்டா. கண்டதை எழுதுங்கள், போதும். பெற்றோர்களே! பிள்ளை எழுதியதைத் திருத்துமுன், பெரியவர்க்குப் படித்துக் காட்டச் செய்யுங்கள். அவர்கள் வாய் திறக்கும்பொழுது ஒரு நூலகமே திறக்கும்.

நம் நூலகத்தில் 894.811க்கும் 895.6க்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் இப்பொழுது ஓர் அட்டைப் பெட்டி வைத்துள்ளேன். அதன் மேல் 'நம் ஊர்ச் சொற்கள்' என்று எழுதியுள்ளேன். உள்ளே இன்றுவரை இருபத்தாறு அட்டைகள் உள்ளன. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அப்பெட்டி நிறைய வேண்டும் என்பதே என் விருப்பம். வெற்று அட்டைகள் என் மேசையில் உள்ளன, வந்து பெற்றுக்கொள்க.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!